நான்காவது குறை

எங்கள் செங்காட்டூர்க் கல்லூரியில் பொருளாதாரச் சிந்தனை வரலாறு என்றொரு தாள் இருந்த காலத்தில், அதை நடத்திய பேராசிரியர் இருசப்பனின் வகுப்புக்கு, வெள்ளைக்காரன் காலத்துத் தாது வருஷப் பெரும்பஞ்சத்தில் செத்துப்போனவர்கள் ஓர் ஆடி மாதத்துத் திங்கட்கிழமை இரண்டாவது பீரியடில் வரிசையாக வந்து, பின்பெஞ்சுகளில் இடம் போதாமல் ஒருவர் மடியில் ஒருவராக உட்கார்ந்தார்கள். எடை இல்லாதவர்கள் என்பதால் மடியில் தாங்கியவர்களுக்குச் சிரமம் இருக்கவில்லை. முன்பெஞ்சில் இருந்த உயிருள்ள மாணவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் மின்விசிறிக் காற்றில் சுவரோரமாக ஒதுங்கிப் போவதைக் கண்டு ஒரு பெண் எழுந்து போய் விசிறியை நிறுத்தினாள். இருசப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, விட்ட வரியிலிருந்து பாடத்தைத் தொடர்ந்தார். எங்கள் ஊரில் யாருக்கும் ஆச்சரியப்படுகிற பழக்கம் கிடையாது. சேர்ந்தாற்போல் மூன்று வருஷம் மழை பொய்த்தாலும், கட்டிய வருஷமே பாலம் இடிந்தாலும், அப்படியா என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறவர்கள் நாங்கள்.

இருசப்பனும் எங்களில் ஒருவர்தான். சாலை போடும் மேஸ்திரியின் மகன், உதவித்தொகையில் சென்னைக்குப் படிக்கப் போனவர், உடன் படித்தவர்கள் எல்லாம் வங்கிக்கும் புள்ளியியலுக்கும் ஓடியபோது, எந்தக் காலத்து மனிதர்கள் செல்வத்தைப் பற்றியும் பசியைப் பற்றியும் என்ன நினைத்தார்கள், ஏன் அப்படி நினைத்தார்கள் என்று தோண்டிப் பார்க்கிற படிப்பைப் பிடித்துக்கொண்டவர். செத்துப்போன ஆசாமிகள் சொன்ன தப்பான கருத்துகளைப் படித்து என்னப்பா செய்யப் போகிறாய் என்று அவருடைய வழிகாட்டிப் பேராசிரியரே கேட்டார். இவர் கேட்கவில்லை. பஞ்சக் காலத்தில் தானிய வியாபாரத்தில் அரசு கை வைக்கலாமா கூடாதா என்று கடல் கடந்த தேசங்களின் அறிஞர்கள் நூறு இருநூறு வருஷமாக எழுதியதையெல்லாம் வருஷக்கணக்கில் படித்து, கண் கெட்டு, வயிறும் கெட்டு, கடைசியில் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்து எழுதிக் கொடுத்தபோது, வழிகாட்டி அதைப் படித்துவிட்டு, "இது ஆராய்ச்சி இல்லப்பா, ஒப்பாரி. இத எடுத்துட்டின்னா பட்டம் வரும்" என்றார். இருசப்பன் எடுத்துவிட்டார். பட்டம் வந்தது.

அந்தப் பட்டத்தோடு அவர் வேலைக்கு வந்து சேர்ந்த எங்கள் கல்லூரி, தானிய மண்டிக்காரர்கள் சங்கம் வைத்து நடத்துகிற கல்லூரி. தாளாளர் குமரகிரியின் முப்பாட்டனார் காலத்துத் தானியக் கிட்டங்கியைத்தான் பிற்பாடு வகுப்பறைகளாகத் தடுத்துக்கொண்டார்கள். இருசப்பன் பாடம் நடத்திய அறைக்கு இன்றைக்கும் இரும்புப் பட்டை அடித்த பழைய இரட்டைக் கதவுதான், மூட்டை நிறுக்கத் தராசு தொங்கிய கொக்கி உத்தரத்தில் அப்படியே இருக்கிறது. அங்கே அவர் தற்காலிக ஆசிரியராக இருந்தார், மறுபடி தற்காலிகமாக இருந்தார், அதற்குப் பிறகும் தற்காலிகமாகவே இருந்தார். வாரத்துக்கு ஐந்து மணி நேரமாக இருந்த அவருடைய தாள் மூன்றாகி இரண்டானது. சேர்கிற பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். வருகிற வருஷத்தோடு இந்தத் தாளை எடுத்துவிடலாம், இதை வைத்துக்கொண்டு யாருக்கு என்ன ஆகப் போகிறது என்று கமிட்டியில் பேசி முடித்திருந்த சமயத்தில்தான் செத்தவர்கள் வந்தார்கள்.

வருகைப் பதிவு எடுத்தே ஆக வேண்டும் என்பது கல்லூரி விதி. ஆகவே மறுநாள் இருசப்பன் ஒவ்வொருவர் பெயரையும் கேட்டு எழுதினார். பெயர் மறந்துபோயிருந்தவர்களுக்கு அவரே ஒரு பெயர் வைத்தார். கூப்பிட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பதை முன்பெஞ்சுப் பிள்ளைகள் சொல்லிக் கொடுக்க, விலா எலும்பு தெரிய, முழங்கால் முட்டி தலையைவிடப் பெரிதாகத் தெரிய, செத்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து நின்று, உள்ளேன் ஐயா, உள்ளேன் ஐயா என்று சொன்னது வராண்டாவைத் தாண்டி, சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டி, பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்டது.

அவர்களுக்காகப் பேசியவள் பூவாயி என்பவள். செத்தபோது முப்பது வயது இருந்திருக்கலாம், பார்த்தால் அறுபது சொல்லலாம்.

"எதுக்கும்மா இங்க வந்தீங்க?" என்று இருசப்பன் கேட்டார்.

"கஞ்சிக்குக் கல்லு ஒடைக்கற எடத்துல தொரை ஒருத்தர் இருந்தாருங்கய்யா. தானியம் மூட்டை மூட்டையா இருக்குது, ரயில்ல ஏறி வெளியூருக்குப் போகுது, ஆனா சர்க்கார் அதுல கை வெக்கக் கூடாது, பெரிய படிப்புப் படிச்சவங்க அப்பிடித்தான் எழுதி வெச்சிருக்காங்கன்னு துபாசிய விட்டுத் தமிழ்ல சொன்னாருங்க. என்னதான் எழுதி வெச்சிருக்காங்கன்னு கேட்டோம். அதெல்லாம் படிச்சாத்தான் புரியும்னுட்டாரு. அதான், எங்க படிக்கறாங்களோ அங்கயே போயிக் கேட்டுக்கலாம்னு நடந்தோமுங்க."

"அப்போலருந்தா நடக்கறீங்க?"

"பெரிய பெரிய பள்ளிக்கோடத்துல எல்லாம் ஏறி எறங்கிட்டோமுங்க. அந்தப் பாடமெல்லாம் இப்ப ஆரும் நடத்தறதில்லைன்னு சொல்லிட்டாங்க. இங்க ஒருத்தர் நடத்தறாருன்னாங்க." பூவாயி திரும்பி வாசலைப் பார்த்தாள். "இந்தக் கதவு எங்களுக்குத் தெரியுமுங்க. வெளியில இருந்து."

இருசப்பன் கரும்பலகையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

போகப் போகத்தான் தெரிந்தது, அவர்கள் கேட்க வந்தது ஒரே ஒரு விஷயம்தான் என்று. தங்கள் சாவுக்குத் தாங்களே காரணமா, இல்லையா என்பதுதான் அது. ஒவ்வொருவரும் ஒரு தப்பைச் சுமந்துகொண்டு வந்திருந்தார்கள். ஒருவர் விதை நெல்லை முன்கூட்டியே விற்றுவிட்டார். ஒருத்தி வரிசையில் நின்றபோது பானையைப் போட்டு உடைத்துவிட்டாள். ஒரு பெரியவர் அந்த வருஷம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றாமல் விட்டுவிட்டார். பூவாயி தூங்கிவிட்டாள். "தொட்டியில கஞ்சி ஊத்தறாங்கன்னு தெரியுமுங்க. கல்லு ஒடைச்ச அசதியில கண்ண மூடிட்டேன். எந்திரிச்சு ஓடறதுக்குள்ள தொட்டி காஞ்சுபோச்சு. ரெண்டு புள்ளைங்களும் அன்னிக்கே போயிருச்சுங்க. நான் தூங்காம இருந்திருந்தா?" என்று அவள் முன்பெஞ்சுப் பெண்களிடம் கேட்டாள். அந்தப் பெண்கள், சார் அதைப் பாடத்தில் சொல்வார், கவலைப்படாதீங்க என்றார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு இருசப்பன் மேல் அப்படியொரு நம்பிக்கை.

செத்தவர்களோடு பழகுவது ஊருக்கு ஒன்றும் கஷ்டமாக இல்லை. தாளாளர் குமரகிரி முதலில் முகம் சுளித்தார். பிறகு மாணவர் எண்ணிக்கை இத்தனை கூடியிருக்கிறது என்றால் பல்கலைக்கழகம் என்ன சொல்லும் என்று யோசித்துச் சிரித்தார். குடும்பத்தில் யாரும் படித்ததில்லை என்பதால் முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகையில் எல்லாரையும் சேர்த்துக்கொண்டார்கள். இருப்பிடச் சான்று கேட்ட கிளார்க்கிடம் அவர்கள் ஏரிக்கரையைக் காட்டினார்கள், அவரும் அதையே எழுதிக்கொண்டார். பஸ்ஸில் அவர்கள் உட்காராமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு துணி மாதிரி படபடத்துக்கொண்டு வந்தார்கள். கண்டக்டர்கள், உள்ள வாங்க, உள்ள வாங்க, அடிபட்டுக்கிட்டா யாரு பதில் சொல்றது என்று சத்தம் போட்டுப் பார்த்து, அப்புறம் விட்டுவிட்டார்கள்.

கேன்டீன்தான் கொஞ்ச நாள் தொந்தரவாக இருந்தது. மத்தியானம் மணி அடித்ததும் செத்தவர்கள் கேன்டீன் வாசலில் வந்து நின்று சாப்பாட்டைப் பார்த்தார்கள். கேட்கவில்லை, கை நீட்டவில்லை, சும்மா பார்த்தார்கள். மாஸ்டர் நல்ல மனுஷன், தட்டு நிறைய எலுமிச்சைச் சாதம் வைத்து அப்பளம் வைத்து அவர்கள் முன்னால் நீட்டினார். அவர்களால் ஒரு பருக்கையைக்கூடத் தூக்க முடியவில்லை, சாதம் காய்ந்து விறைத்துப்போனதுதான் மிச்சம். முதல் வாரம் பிள்ளைகள் யாரும் சாப்பிடவில்லை. ஒரு பையன் வாந்தி எடுத்தான். அடுத்த மாசம் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அதற்கடுத்த மாசம் பக்கவாட்டில் உட்கார்ந்தார்கள். பொங்கல் விடுமுறை முடிந்து வந்தபோது, அவர்கள் பார்க்கப் பார்க்க, நேருக்கு நேராக உட்கார்ந்து, குழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்துங்கண்ணா என்று கேட்டு வாங்கிச் சாப்பிடப் பழகியிருந்தார்கள். மற்றத் துறை ஆசிரியர்களான நாங்களும் பழகிக்கொண்டோம். நினைத்தால் இப்போது எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, அப்போது பசித்தது.

புரட்டாசியில் மூன்றாவது அலகு வந்தது. தலையிடாக் கொள்கை, அதாவது வியாபாரம் அதன் போக்கில் போகட்டும், அரசு ஒதுங்கி நிற்கட்டும் என்கிற கோட்பாடு, அந்த அலகில்தான் வரும். எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் எந்தக் கோட்பாட்டையும் ஒரே மாதிரிதான் நடத்துவார்கள்: முன்னுரை, எடுகோள்கள், விளக்கம், நிறைகள், குறைகள், முடிவுரை. ஒவ்வொரு தலைப்புக்கும் கீழே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு எழுதினால்தான் பரீட்சையில் மதிப்பெண் விழும். கடவுளே வந்து சொன்ன கருத்தாக இருந்தாலும் நாலு நிறை, நாலு குறை எழுதாமல் விடமாட்டார்கள். இருசப்பனும் அப்படியே நடத்தினார். விளைச்சல் குறைந்தால் விலை ஏறும். விலை ஏறினால் நுகர்வு குறையும். நுகர்வு குறைந்தால் இருக்கிற தானியம் அடுத்த அறுவடை வரைக்கும் தாங்கும். அரசு குறுக்கே வந்தால் இந்த ஒழுங்கு கெடும் என்று விளக்கத்தை எழுதிப் போட்டார். செத்தவர்கள் ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்கள். காற்று நுழையாமல் ஜன்னல்களையும் சாத்தியிருந்தார்கள், உயிருள்ளவர்களுக்கு வேர்த்து ஊற்றியது.

முடிவுரையை எழுதிவிட்டுச் சாக்பீஸைக் கீழே வைத்தபோது பூவாயி எழுந்தாள்.

"அய்யா, இதுல நாங்க எந்தத் தலைப்புல வர்றோமுங்க?"

இருசப்பனுக்குப் பதில் தெரியும். பலகையில் அது எந்த வரி என்றும் தெரியும். அதைக் கண்டுபிடித்து எழுதித்தானே வழிகாட்டியிடம் ஒப்பாரி என்று பெயர் வாங்கினார். ஆனால் அந்த நேரம் கதவுப் பக்கத்தில் தாளாளர் குமரகிரி நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். வேலை நிரந்தரமாகிற உத்தரவு அவர் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. இதைச் சொல்லிவிட்டால் செத்தவர்கள் வந்த காரியம் முடிந்து எழுந்து போய்விடுவார்கள், நாளைக்கு இந்தத் தாளும் போய்விடும், தானும் போய்விடுவோம் என்று பயந்தார். அவர் பலகையில் விரலை வைத்துத் தேடுகிறவர் மாதிரித் தேடினார்.

"குறைகள்ல வர்றீங்கம்மா. நாலாவது குறை."

"அதுல என்னங்க போட்டிருக்குது?"

"இக்கோட்பாடு குறுகிய காலச் சிரமங்களைப் போதிய அளவு கருத்தில் கொள்ளவில்லை."

"சிரமம்னா நாங்கதானுங்களா?"

"ஆமாம்மா."

"சரிங்க," என்றாள் பூவாயி. உட்காராமலேயே, "அந்தச் சிரமம் எங்களாலதான் வந்துச்சா, இல்லீங்களா?" என்று கேட்டாள்.

"அது அடுத்த அலகுல வரும்மா," என்றார் இருசப்பன்.

அடுத்த அலகில் அது வரவில்லை. அதற்கடுத்த அலகில் வரும் என்றார், அதிலும் வரவில்லை. வருஷம் முடிந்து ஜூன் மாதம் மறுபடியும் முதல் அலகு ஆரம்பித்தது, மறுபடியும் புரட்டாசி வந்தது, மறுபடியும் பூவாயி எழுந்து கேட்டாள், மறுபடியும் அவர் அடுத்த அலகு என்றார். செத்தவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. காத்திருப்பதில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. நடுவில் கிடைத்ததை அவர்கள் மனப்பாடம் செய்துகொண்டார்கள். கல்லூரி வாகை மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து, இக்கோட்பாடு குறுகிய காலச் சிரமங்களைப் போதிய அளவு கருத்தில் கொள்ளவில்லை, இக்கோட்பாடு குறுகிய காலச் சிரமங்களைப் போதிய அளவு கருத்தில் கொள்ளவில்லை என்று அவர்கள் ராகம் போட்டுச் சொல்லிச் சொல்லி, அது ஊருக்குள் பரவி, எங்கள் பெண்கள் நெல் காயப்போடும்போதும் பிள்ளையைத் தூளியில் ஆட்டும்போதும் அதை முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். பிள்ளைகள் அதைக் கேட்டு நன்றாகத் தூங்கின.

இருசப்பனுக்கு வேலை நிரந்தரமானது. பிறகு இணைப் பேராசிரியர் ஆனார், துறைத் தலைவர் ஆனார். நாடு முழுக்க அந்தத் தாளை மூடிக்கொண்டு வந்த காலத்தில் செங்காட்டூரில் மட்டும் உட்கார இடமில்லாமல் கூட்டம் நிற்கிறது என்று கேள்விப்பட்டு, டெல்லியிலிருந்து ஆய்வாளர்கள் வந்தார்கள். அவர்கள் செத்தவர்களிடம், நீங்கள் இறந்த சூழ்நிலை உங்களுக்கு மிகவும் திருப்தி, ஓரளவு திருப்தி, திருப்தி இல்லை, இதில் எது என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போனார்கள். பல்கலைக்கழகக் குழு வந்து கல்லூரிக்கு உயர்ந்த தரம் கொடுத்தது. குமரகிரி புதுக் கட்டடம் கட்டினார், பஸ் ஸ்டாப் பக்கம் ஒரு லாட்ஜும் கட்டினார். டீக்கடை மூன்றானது. இருசப்பன் மாநாடுகளுக்குப் போனார், பஞ்சமும் கோட்பாடும் பற்றி மெதுவான குரலில், இரண்டு பக்கத்து நியாயத்தையும் சமமாக எடுத்து வைத்து, யாருக்கும் வலிக்காமல் பேசினார். சால்வைகள் அவர் வீட்டு பீரோவில் நிறைந்தன. எல்லாம் அந்த எலும்புகள் மேல் ஏறி நின்று வாங்கியதுதான், எங்களுக்கும் அது தெரியும், எங்கள் லாட்ஜும் டீக்கடையும் அதன் மேல்தான் நின்றன.

அவர் மனைவி கோகிலத்துக்கு மட்டும் இது பொறுக்கவில்லை. கல்யாணமான புதிதில், பட்டம் வாங்குவதற்காக விட்டுக்கொடுத்த அந்த விஷயத்தை அவர் அவளிடம் சொல்லி அழுதிருந்தார். அதனால் அவர் சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே கேட்பாள்.

"ஏங்க, இன்னிக்காவது சொன்னீங்களா?"

"சொல்லணும்."

"அந்தப் பொம்பள தூங்கினதாலதான் புள்ளைங்க செத்துச்சுன்னு நெனச்சுக்கிட்டு அங்க உக்காந்திருக்கா. நீங்க இங்க வந்து சாப்பிடறீங்க."

"சொன்னா அவங்க போயிருவாங்க, கோகிலம். அப்புறம் பாடத்தையே எடுத்துருவாங்க. பாடம் இருந்தாத்தானே நாளைக்கு இன்னொருத்தன் வந்து உண்மையச் சொல்ல முடியும்?"

"இன்னொருத்தன்," என்பாள் கோகிலம், சோற்றைப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள். இதைக் கோயிலில் வைத்து எங்கள் வீட்டுப் பெண்களிடம் அவளே சொன்னாள். அவள் காலமான பிறகும் அவர் சாயங்காலத்தில் செருப்பைக் கழற்றும்போது, சொல்லணும் என்று தானாகச் சொல்லிக்கொண்டதைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள்.

அவர் பணி ஓய்வு பெறுகிற நாள் வந்தது. புதுக் கட்டடத்தில் வடை பாயசத்தோடு விருந்து ஏற்பாடாகியிருந்தது. அன்று காலை அவர் கடைசி வகுப்பு எடுக்கப் பழைய கிட்டங்கி அறைக்குள் போனபோது, வழியனுப்ப வந்த நாங்களும் வாசலில் நின்றோம், குமரகிரி கையில் மாலையோடு நின்றார். இருசப்பன் வருகைப் பதிவு எடுத்தார். உள்ளேன் ஐயா, உள்ளேன் ஐயா என்று எல்லாரும் சொன்னார்கள். அவர் கரும்பலகைப் பக்கம் திரும்புவதற்குள் பூவாயி எழுந்தாள்.

"அய்யா, இன்னியோட நீங்க வரமாட்டீங்கன்னு சொன்னாங்க."

"ஆமாம்மா."

"அடுத்த அலகுல வரும்னு சொன்னீங்க. உங்களுக்கு வேலைத் தொந்தரவு, நாங்க கொறை சொல்லலீங்க. நீங்க போயிட்டா இனிமேல் ஆருகிட்டப் போயிக் கேக்கறது? அதனால நாங்களே உக்காந்து பேசி ஒரு முடிவுக்கு வந்துட்டோமுங்க. தப்பு எங்க மேலதான்னே வெச்சுக்கறோம். நான் தூங்கினதுதான், அவரு வெத நெல்ல வித்ததுதான். அப்பிடி வெச்சுக்கிட்டுப் போயிடறோமுங்க. பரவாயில்லீங்களா?"

செத்தவர்கள் எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அனுமதி கேட்கிற பார்வை அது, வேறொன்றும் இல்லை. இருசப்பன் மேஜையைப் பிடித்துக்கொண்டார். அழுகிறாரோ என்று நினைத்தோம். அவர் சாக்பீஸை எடுத்து, விளக்கம் என்று பலகையில் எழுதி, அதன் கீழே, விலை ஏறினால் நுகர்வு குறையும் என்று எழுதினார்.

"இதப் பாருங்க," என்றார். குரல் கிழிந்திருந்தது. "நுகர்வு குறையும்னு போட்டிருக்கு. அது தானாக் குறையாது. யாராவது சாப்பிடாம இருந்தாத்தான் குறையும். கையில காசு உள்ளவன் வெல ஏறுனாலும் வாங்குவான். இல்லாதவன்தான் சாப்பிடாம இருக்கணும். நீங்க எல்லாரும் சாப்பிடாம இருந்ததாலதான் இந்த அறையில இருந்த மூட்டை அடுத்த அறுவடை வரைக்கும் வந்துச்சு. கோட்பாடு தோக்கலைம்மா. சொன்னபடியே நடந்துச்சு. நீங்க குறையில வரலை. விளக்கத்துல வர்றீங்க. இந்த வரிதான் நீங்க."

வாசலில் குமரகிரி, "சார், போதும், விருந்துக்கு நேரமாச்சு" என்றார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அப்ப நான் தூங்கினதால இல்லீங்களா?"

"இல்லம்மா. நீ முழிச்சிருந்தா இன்னொருத்தி புள்ள செத்திருக்கும். கணக்குக்கு ஆளு வேணும், அவ்வளவுதான்."

"நான் பானையப் போட்டு ஒடச்சது?" என்று ஒருத்தி கேட்டாள்.

"இல்ல."

"மாரியாத்தாளுக்குக் கூழ் ஊத்தாதது?" என்று பெரியவர் கேட்டார்.

"இல்லைங்கய்யா. இல்ல."

ஒவ்வொருவராக எழுந்து தங்கள் தப்பைச் சொல்லிச் சொல்லிக் கேட்டார்கள், அவர் இல்லை, இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இல்லை என்று சொல்லப்பட்டவர்கள் கதவுப் பக்கம் நடந்தார்கள், எங்களைத் தாண்டி வெளியே போனார்கள். வெயிலில் அவர்கள் போன திசையை நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். ஏரிக்கரை வரைக்கும்தான் தெரிந்தது. பூவாயி கடைசியாக நின்றாள்.

"இது உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுதுங்கய்யா?"

இருசப்பன் பொய் சொல்லவில்லை. "நீங்க வர்றதுக்கு முந்தியே தெரியும்."

அவள் அவரைப் பார்த்தாள். திட்டவில்லை, சாபம் விடவில்லை. "சொல்லியிருக்கலாமுங்களே," என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனாள்.

விருந்து வீணாகவில்லை, நாங்கள் சாப்பிட்டோம். இருசப்பனின் இலை பரிமாறியபடியே கிடந்தது. அடுத்த ஜூனில் தாளை எடுத்துவிட்டார்கள்; சேர ஒருவரும் இல்லை, அதற்கு யார் என்ன செய்ய முடியும்? லாட்ஜ் ஆள் இல்லாமல் பூட்டிக் கிடந்தது, ஊருக்கு அவர் மேல் வருத்தம்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா என்று அவர் காது படவே பேசினோம். அவருக்குச் சோறு இறங்கவில்லை என்று கேள்விப்பட்டோம். தட்டை எடுத்து வைத்தால் சொல்லியிருக்கலாமுங்களே என்று யாரோ சொல்வதாகச் சொல்லி எழுந்துவிடுவாராம். இப்படியே மெலிந்து, முழங்கால் முட்டி பெருத்து, ஐப்பசி மழை பிடித்த ஒரு வாரத்தில் இறந்துபோனார்.

காரியம் முடிந்த திங்கட்கிழமை, இரண்டாவது பீரியடில், அவர் வகுப்புக்கு வந்தார். அந்த அறையை இப்போது கம்ப்யூட்டர் லேப் ஆக்கியிருந்தார்கள். பின்பக்கம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, பெயர் கூப்பிடாத போதும் உள்ளேன் ஐயா என்றார். புதிதாக வந்த இளம் ஆசிரியை பயப்படவில்லை, எங்கள் ஊர்ப்பெண்தான். "என்ன சார் வேணும்?" என்று கேட்டாள்.

"ஒண்ணு கேக்கணும்மா. தெரிஞ்சத நான் பொழப்புக்காகத்தான் சொல்லலையா, பயத்தாலயா, இல்ல பாடத்தக் காப்பாத்தத்தான் சொல்லலையா? நான் எந்தத் தலைப்புல வர்றேன்?"

"அது எனக்குத் தெரியாதுங்க சார். அதெல்லாம் இப்ப யாரும் நடத்தறதில்ல."

"சரிம்மா. நான் இருக்கேன்."

இன்னும் இருக்கிறார். இயந்திரங்கள் சூடாகக் கூடாதென்று ஏசியை முழு வேகத்தில் வைப்பார்கள், அந்தக் காற்றில் அவர் பின்சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்பார். அவருக்காக யாரும் அதை நிறுத்துவதில்லை. அந்த ஒரு அறைதான் குளுகுளுவென்று இருக்கும் என்பதால் மத்தியானம் மணி அடித்ததும் எல்லாத் துறைக்காரர்களும் அங்கேதான் சாப்பிடப் போகிறோம். அவர் பார்த்துக்கொண்டே நிற்கிறார். அவர் கேட்டதற்குப் பதில் எங்கள் எல்லாருக்குமே தெரியும், சொன்னால் அந்தத் தலைப்பில் நாங்களும் வருவோம். டிபன் பாக்ஸைத் திறந்து, நேருக்கு நேராக உட்கார்ந்து, ஊறுகாய் யார் கொண்டு வந்தது என்று கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறோம்.